பாதியில் நின்ற 2019-20 கால்பந்து சீசன்: சராசரி போட்டுக் கீழே இறக்கியது நியாயமா?

நடுக்கோடு எழுதியது:

லிவர்பூல் பட்டத்தைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. 29 ஆட்டங்களில் 82 புள்ளிகள், இரண்டாம் இடத்திலிருந்த மான்செஸ்டர் சிட்டியைவிட 25 புள்ளிகள் முன்னிலை. அதில் வழக்காட ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது புள்ளிப் பட்டியலின் அடிப்பக்கம், கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும் அணிகள் நிற்கும் இடம்.

ட்ரான்மியர் ரோவர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் போட்டியான லீக் ஒன் நின்றபோது அவர்கள் 34 ஆட்டங்களில் 32 புள்ளிகளுடன் 21ஆம் இடத்தில் இருந்தார்கள். ஒரு படி மேலே ஏஎஃப்சி விம்பிள்டன், 35 ஆட்டங்களில் 35 புள்ளிகள். இடைவெளி மூன்றே புள்ளிகள், ட்ரான்மியர் கையில் ஓர் ஆட்டம் மிச்சம், கடைசியாக ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வெற்றி வேறு. ஜூன் 9 அன்று கிளப்புகள் கூடி வாக்களித்தன. ஆடிய ஆட்டங்களுக்கு எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்துப் பட்டியலை முடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. விம்பிள்டனுக்கு 1.00, ட்ரான்மியருக்கு 0.94. ட்ரான்மியர் நான்காம் நிலை லீக்குக்கு இறங்கியது.

ட்ரான்மியரின் தலைவர் மார்க் பாலியோஸ் ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். விதிமுறை அறியாதவர் அல்லர். சராசரியைப் பயன்படுத்துங்கள், ஆனால் பிழைக்கான இடைவெளி ஒன்றை வையுங்கள், அந்த இடைவெளிக்குள் இருக்கும் அணியைக் கீழே தள்ளாதீர்கள் என்று கேட்டார். எடுபடவில்லை.

என் கேள்வி இதுதான். வாக்களித்த ஒவ்வொரு கிளப்பின் முன்னாலும் பட்டியல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தச் சூத்திரம் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்தேதான் கையைத் தூக்கினார்கள். இப்படித் தேர்ந்தெடுத்த சூத்திரம், கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நியாயமானதா?

மூன்றாம் கேலரி எழுதியது:

ட்ரான்மியருக்காக வருத்தப்படலாம். ஆனால் மாற்று என்ன என்று சொல்லாமல் வருத்தப்படுவது எளிது.

பட்டியலை அப்படியே உறைய வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே இங்கிலாந்தில் மகளிர் சூப்பர் லீக் இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டங்களில் 40 புள்ளிகளுடன் முதலிடம். செல்சி 15 ஆட்டங்களில் 39. சராசரி பார்த்தால் சிட்டிக்கு 2.50, செல்சிக்கு 2.60. பட்டம் செல்சிக்குப் போயிற்று. அந்த சீசனில் செல்சி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. சிட்டியோடு மோதிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் வெற்றி, மற்றது 3-3. ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடிய ஒரே காரணத்துக்காகச் சிட்டிக்குப் பட்டம் கொடுத்திருந்தால் நீங்கள் வேறு தலைப்பில் இழை தொடங்கியிருப்பீர்கள். செல்சி பரிசுத் தொகையான ஒரு லட்சம் பவுண்டைக் குடும்ப வன்முறைக்கு எதிரான தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது என்பது தனிக் கதை.

கொடிக்கம்பம் எழுதியது:

மழை வந்தால் டக்வர்த்-லூயிஸ் என்கிறோம். நோய் வந்தால் சராசரி. இதில் என்ன அதிசயம்?

நடுக்கோடு எழுதியது:

அதிசயம் இருக்கிறது, கொடிக்கம்பம். டக்வர்த்-லூயிஸ் அட்டவணையை டாஸ் போடுவதற்கு முன்பே இரண்டு கேப்டன்களும் ஏற்றிருக்கிறார்கள். மழை பெய்த பிறகு, ஸ்கோரைப் பார்த்துவிட்டு, எந்த முறை வைத்துக்கொள்ளலாம் என்று பத்து அணிகள் கூடி வாக்கெடுப்பு நடத்துவதில்லை.

கணக்குச் சார் எழுதியது:

சராசரி எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது என்று சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பிரீமியர் லீக் நின்றது, பிறகு ஜூன் 17 அன்று மீண்டும் தொடங்கி முழுவதும் ஆடி முடிக்கப்பட்டது. நின்ற அன்றைய சராசரியையும் கடைசிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நின்ற அன்று: நார்விச் 29 ஆட்டங்களில் 21. ஆஸ்டன் வில்லா 28 ஆட்டங்களில் 25. போர்ன்மத், வாட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம் மூன்றும் 29 ஆட்டங்களில் 27. கோல் வித்தியாசத்தில் மூன்றில் கடைசி போர்ன்மத். சராசரியில் முடித்திருந்தால் நார்விச், வில்லா, போர்ன்மத் இறங்கியிருக்கும். ஆடி முடித்தபோது இறங்கியவை நார்விச், போர்ன்மத், வாட்ஃபோர்ட். மூன்று அணிகளில் ஒன்று மாறிவிட்டது.

வில்லா எப்படித் தப்பியது என்பதையும் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் ஆறு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகள். எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். கடைசி நான்கு ஆட்டங்களில் எட்டுப் புள்ளிகள், அதில் அர்சனலை 1-0 என வென்றதும் சேரும். கடைசியில் 35 புள்ளிகள். போர்ன்மத்தும் வாட்ஃபோர்டும் 34. சராசரிப் பட்டியலில் இந்த நான்கு ஆட்டங்கள் எங்கே இருக்கின்றன?

எனவே சராசரி உச்சியில் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே இடைவெளி பெரிது. அடியில் நாலைந்து அணிகள் ஒரு வெற்றி தூரத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது அது வெறும் ஊகம். இரண்டு தசம இடம் போட்டு எழுதினால் ஊகம் துல்லியமாகிவிடாது.

மூன்றாம் கேலரி எழுதியது:

சார், ஆடி முடித்ததையே நியாயத்தின் அளவுகோலாக வைக்கிறீர்களே. அந்த வில்லாவின் முதல் ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா?

ஜூன் 17, வில்லா பார்க், எதிரணி ஷெஃபீல்ட் யுனைடெட். கேலரி காலி. ஆலிவர் நார்வுட் அடித்த ஃப்ரீ கிக்கை வில்லாவின் கோல்கீப்பர் நைலாண்ட் பிடித்தார், பிடித்தவர் பந்தோடு கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே போய்விட்டார். தொலைக்காட்சியில் பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் அசையவில்லை. ஏழு கேமராக்களின் பார்வையையும் ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டதாகப் பிறகு கோல் கோட்டைக் கண்காணிக்கும் ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வீடியோ நடுவரும் தலையிடவில்லை. ஆட்டம் 0-0. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் வில்லாவுக்கு 34, கோல் வித்தியாசத்தில் போர்ன்மத்துக்குக் கீழே. பூட்டிய மைதானத்தில், ரசிகர் இல்லாமல், மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு, ஐந்து மாற்று வீரர்களுக்கு அனுமதி கொடுத்து ஆடியது வேறொரு போட்டி. மார்ச்சில் இருந்த சீசனின் தொடர்ச்சி என்று அதை எப்படிச் சொல்வது?

கணக்குச் சார் எழுதியது:

அந்தக் கோல் தவறு மறுக்க முடியாதது. ஆனால் அப்படிப்பட்ட தவறு எந்தச் சாதாரண சீசனிலும் நடக்கலாம். ஆடாமலே இறக்கப்படுவது சாதாரண சீசனில் நடக்காது.

எடின்பரோவாசி எழுதியது:

நான் இங்கே ஹார்ட்ஸ் ரசிகர்கள் நடுவே வாழ்கிறேன். இந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் மதுக்கடைகளில் குரல் உயர்கிறது. எனவே ஸ்காட்லாந்துக் கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

முதல்நிலை லீக்கில் எங்கள் ஊர் ஹார்ட்ஸ் 30 ஆட்டங்களில் 23 புள்ளிகள், கடைசி இடம். மேலே ஹாமில்டன் 27. மிச்சம் எட்டு ஆட்டங்கள். நான்கு புள்ளி இடைவெளியை எட்டு ஆட்டங்களில் கடக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவர் கால்பந்து பார்த்ததில்லை என்று பொருள். ஆனாலும் ஹார்ட்ஸைவிட எனக்கு மனம் பொறுக்காதது பார்ட்டிக் திசில். இரண்டாம் நிலை லீக்கில் 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள். அவர்களுக்கு மேலே குவீன் ஆஃப் தி சவுத், 28 ஆட்டங்களில் 28. கையிலிருந்த அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் போதும், தாண்டியிருப்பார்கள். கிளப்பைக் கீழே தள்ளியது 0.04 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்.

வாக்கெடுப்பு நடந்த விதம் இன்னும் மோசம். கீழ்நிலை லீக்குகளை அங்கேயே முடிப்பதற்கான தீர்மானத்தையும், கிளப்புகளுக்குப் பரிசுத் தொகையை விடுவிப்பதையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டார்கள். கேலரி மூடி, டிக்கெட் வருமானம் நின்று, சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நிற்கும் கிளப்பிடம் 'இதற்குச் சம்மதித்தால்தான் பணம்' என்று நீட்டினால் அது வாக்கெடுப்பா? இரண்டாம் நிலையில் பத்து கிளப்புகளில் எட்டு வேண்டும். ஏழு ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. பத்தாவது டண்டீ. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் சங்கத்தின் கணினி வடிகட்டியில் சிக்கிக்கொண்டது, பிறகு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டண்டீயே சொன்னது, சில நாள் கழித்து ஆதரவாக வாக்களித்தது. ஒரு நாட்டின் லீக் முடிவு ஒரு மின்னஞ்சலில் தொங்கியது.

கொடிக்கம்பம் எழுதியது:

எடின்பரோ அண்ணா, செல்டிக்குக்கு ஒன்பதாவது தொடர் பட்டம் கிடைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸின் ரசிகர்கள் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா?

எடின்பரோவாசி எழுதியது:

13 புள்ளி முன்னிலை. அதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, தம்பி. நாளை காலையில் இதே ஊரில்தான் பஸ் ஏற வேண்டும்.

குறுக்கு விசாரணை எழுதியது:

இழையை இதுவரை படித்தேன். எல்லோரும் நியாயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வழக்குப் போட்டவர்களும் நியாயத்தை எதிர்பார்த்துத்தான் போனார்கள். பெரும்பாலான இடங்களில் விசாரிக்கப்பட்டது வேறு: முடிவெடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருந்ததா, அதை நடைமுறைப்படி பயன்படுத்தியதா?

நெதர்லாந்தில் இது பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஏப்ரல் 24 அன்று எல்லாவற்றையும் முடித்தார்கள். சாம்பியன் இல்லை, ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. அயாக்ஸும் ஏஇசட்டும் 56 புள்ளிகளில் சமமாக இருந்ததால் சாம்பியன் இல்லை என்பதை விழுங்கலாம். ஆனால் இரண்டாம் நிலையில் கேம்பூர் முதலிடம், மூன்றாம் இடத்தைவிட 11 புள்ளிகள் முன்னால். அடுத்தது டி கிராஃப்ஸ்காப். முதல் இரண்டு இடத்துக்கு நேரடி ஏற்றம் என்பது சீசன் தொடங்கும்போதே இருந்த விதி. கிளப்புகளின் கருத்தைக் கேட்டார்கள்: ஏற்ற இறக்கம் வேண்டும் என்று 16, வேண்டாம் என்று 9, எப்படியானாலும் சரி என்று 9. 16 போதவில்லை. சங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. இரண்டு கிளப்புகளும் உட்ரெக்ட் நீதிமன்றம் போய்த் தோற்றன. கடைசி இடத்தில் 15 புள்ளிகளோடு இருந்த ஆர்கேசி வால்வைக் மேல்நிலையிலேயே தங்கியது.

நடுக்கோடு சொல்வதுபோல 'யாரையும் தண்டிக்காதீர்கள்' என்பது இரக்கமான தீர்வு போலத் தெரியும். கேம்பூர் ரசிகரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். கீழே இருப்பவனைத் தள்ளாமல் விடுவது, மேலே வர வேண்டியவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதாகும்.

நடுக்கோடு எழுதியது:

ஏன் நிறுத்த வேண்டும்? இரண்டு அணிகளைக் கூடுதலாகச் சேர்த்து அடுத்த சீசனை நடத்தலாமே. பெல்ஜியம் கடைசியில் அதைத்தானே செய்தது?

குறுக்கு விசாரணை எழுதியது:

செய்தது, மனமுவந்து அல்ல. ஐரோப்பாவிலேயே முதலில் கடையை மூடப் புறப்பட்டது பெல்ஜியம். வாஸ்லண்ட்-பெவரன் கடைசி இடம், மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், மேலே உள்ள அணியைவிட இரண்டு புள்ளிகள் பின்னால். அந்த ஓர் ஆட்டத்தை ஆட விடாமல் கீழே தள்ளினார்கள். கிளப் விடாமல் வழக்காடியது, கடைசியில் லீக்கை 18 அணிகளாக்கி அவர்களை மேலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த சீசனில் ஆடித் தோற்று இறங்கினார்கள். அப்படி இறங்கினால் யாருக்கும் புகார் இருக்காது.

பிரான்ஸ் நேர் எதிர். ஏப்ரல் 28 அன்று பிரதமர் எத்வார் ஃபிலிப் நாடாளுமன்றத்தில் சீசனைத் தொடர முடியாது என்றார், இரண்டு நாளில் லீக் மூடப்பட்டது. அமியான் 23 புள்ளிகள், மேலே நீம் 27, மிச்சம் பத்து ஆட்டங்கள். 13 புள்ளிகளோடு இருந்த துலூஸ் பற்றி யாரும் பெரிதாக வாதாட முடியாது. ஜூன் 9 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சீசனை முடித்தது சரி என்றது, ஆனால் இரண்டு அணிகளின் இறக்கத்தை நிறுத்தி வைத்து மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 22 அணிகளோடு லீக் நடத்தலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு. மற்ற கிளப்புகள் மறுத்துவிட்டன. தொலைக்காட்சிப் பணத்தை 20 பங்காகப் பிரிப்பவர்கள் 22 பங்காகப் பிரிக்க ஏன் சம்மதிப்பார்கள்? நீதிமன்றம் திறந்த கதவைச் சக கிளப்புகள் சாத்தின. துலூஸ் 2022இல் திரும்பி வந்து 2023இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்றது. அமியான் இன்னும் திரும்பவில்லை.

மூன்றாம் கேலரி எழுதியது:

லியோனையும் சொல்லுங்கள் அக்கா. ஏழாம் இடத்தில் மூடியதால் ஐரோப்பியப் போட்டி வாய்ப்பே போயிற்று, தலைவர் ஓலாஸ் ஊரைக் கூட்டினார். ஆகஸ்டில் அதே அணி ஜுவென்டஸை வெளியேற்றி, லிஸ்பனில் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என வென்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போயிற்று. நாட்டில் ஏழாம் இடம், ஐரோப்பாவில் கடைசி நான்கு.

பச்சை மெரூன் எழுதியது:

ஐரோப்பாவையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் ஐ-லீக் எப்படி முடிந்தது என்று ஒருவரும் எழுதவில்லை.

2020 மார்ச் 10, கல்யாணி மைதானம். ஐசால் அணியை 1-0 என்று வென்று மோகன் பகான் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்தது. 16 ஆட்டங்களில் 39 புள்ளிகள், அடுத்த அணிக்கு 23. நான்கு நாள் கழித்து எல்லாம் நின்றது. அதே மார்ச் 14 அன்று கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதியாட்டம் நடந்தது, சென்னையின் எஃப்சி ஏடிகேயிடம் 3-1 எனத் தோற்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம்கூடக் கேட்டது.

ஏப்ரலில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஐ-லீக்குக்கு ஒரு முடிவு சொன்னது. மோகன் பகான் சாம்பியன். இறக்கம் கிடையாது. மிச்சப் பரிசுத் தொகை மற்றப் பத்து அணிகளுக்கும் சமமாகப் பங்கு. முந்தைய ஆண்டுச் சாம்பியனான நம் சென்னை சிட்டியும் அந்தப் பத்தில் ஒன்று. களத்தில் தீர்ந்துவிட்டதை ஏற்று, தீராததைத் தீர்ந்ததாகப் பாசாங்கு செய்யாமல் விட்டார்கள். ஐரோப்பிய மேதைகள் எழுதிய எந்தச் சூத்திரத்தையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

குறுக்கு விசாரணை எழுதியது:

ஈஸ்ட் பெங்கால் அதை எதிர்த்தது என்பதையும் மோகன் பகான் ரசிகர் எழுதியிருக்கலாம்.

பச்சை மெரூன் எழுதியது:

ஈஸ்ட் பெங்கால் எதிர்க்காத ஒன்றை மோகன் பகான் வென்றதாகச் சரித்திரமே இல்லை.

கணக்குச் சார் எழுதியது:

பச்சை மெரூன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கணக்கின்படி இனி எட்டிப் பிடிக்க முடியாத இடங்களை மட்டும் உறுதி செய்வது, எட்டக்கூடியவற்றைத் திறந்து விடுவது. அதன்படி மோகன் பகானுக்குப் பட்டம் உண்டு. லிவர்பூலுக்குக்கூட மார்ச் 13 அன்று கிடைத்திருக்காது. இன்னும் ஆறு புள்ளிகள் தேவைப்பட்டன. அந்த அளவு கறாராக இருக்க நம்மில் எத்தனை பேர் தயார்?

கொடிக்கம்பம் எழுதியது:

30 ஆண்டு காத்திருந்த லிவர்பூல் நண்பரிடம் அதை நேரில் போய்ச் சொல்ல நான் தயாராக இல்லை.

இந்த இழையில் பழங்கதை ஒன்றும் கிடக்கட்டும். 1939இல் போர் மூண்டபோது இங்கிலாந்து லீக் மூன்றே ஆட்டங்களோடு நின்றது. மூன்றையும் வென்று முதலிடத்தில் இருந்தது பிளாக்பூல். ஒருவரும் சராசரி போட்டுப் பார்க்கவில்லை. போர் முடிந்து 1946இல் லீக் திரும்பியபோது, அந்த 1939ஆம் ஆண்டு அட்டவணையையே எடுத்து முதலிலிருந்து ஆடினார்கள்.

நடுக்கோடு எழுதியது:

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்பவர்களுக்கு ஜெர்சி புல்ஸ் ஒரு பதில். ஜெர்சித் தீவிலிருந்து இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்கில் முதன்முதலாகச் சேர்ந்த சீசனில் ஆடிய 27 ஆட்டங்களையும் வென்றார்கள். 2020 மார்ச் 26 அன்று கால்பந்துச் சங்கம் அந்த நிலையில் இருந்த லீக்குகளின் முடிவுகள் அனைத்தையும் செல்லாது என்றது. இன்னும் இரண்டு மூன்று படி மேலே, சவுத் ஷீல்ட்ஸ் 12 புள்ளி முன்னிலையில் இருந்தது, அவர்களுக்கும் பூஜ்யம். அதே நாட்டில், அதே நோய்க்கு, அதே ஆண்டில் மூன்று சட்டம். பிரீமியர் லீக்குக்கு ஆட அனுமதி, லீக் ஒன்னுக்குச் சராசரி, அடிமட்டத்துக்கு அழிரப்பர். தொலைக்காட்சி நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை எங்கே பெரிதோ அங்கே ஆடினார்கள். லீக் ஒன்னில் வாரம் தவறாமல் பரிசோதனை செய்யும் செலவையும், ரசிகர் இல்லாத மைதானத்தையும் கிளப்புகளால் தாங்க முடியாது என்றார்கள். அதைக்கூட நான் ஏற்கிறேன். பணமில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்கு நியாயம் என்று பெயர் வைத்ததுதான் எரிச்சல்.

மூன்றாம் கேலரி எழுதியது:

அதே லீக் ஒன்னின் மேல்பாதியையும் பாருங்கள். பீட்டர்பரோ 35 ஆட்டங்களில் 59, ஆறாம் இடம், மேல்நிலைக்கு ஏற ஆடும் பிளே-ஆஃபுக்கான இடத்தில் இருந்தார்கள். வைகோம்ப் 34 ஆட்டங்களில் அதே 59, எட்டாம் இடம். சராசரி போட்டதும் வைகோம்ப் மூன்றாம் இடத்துக்குத் தாவியது, பீட்டர்பரோ ஏழாம் இடத்துக்குச் சரிந்து வெளியே போயிற்று. வைகோம்ப் பிளே-ஆஃப் ஆடி, இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என வென்று, வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு ஏறியது. ஓர் ஆண்டு கழித்து வைகோம்ப் இறங்கியது, பீட்டர்பரோ ஏறியது. வைகோம்ப் செய்த குற்றம் என்ன? சராசரியை அவர்களா எழுதினார்கள்?

நடுக்கோடு எழுதியது:

வைகோம்ப் மீது எனக்குக் குறை இல்லை. பிளே-ஆஃபை ஆடித்தான் ஏறினார்கள். மேலே நான்கு அணிகளுக்கு ஆட மைதானம் கிடைத்தது அல்லவா? கீழே விம்பிள்டனுக்கும் ட்ரான்மியருக்கும் ஓர் ஆட்டம் வைக்க முடியவில்லையா? இரண்டு அணி, 90 நிமிடம், ஒரே நாள் பரிசோதனைச் செலவு.

கணக்குச் சார் எழுதியது:

விம்பிள்டன் அதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? மூன்று புள்ளி முன்னிலையில் இருப்பவர்களை ஒற்றை ஆட்டத்தில் நிறுத்தினால் அந்த மூன்று புள்ளிகளுக்கு மதிப்பு என்ன?

நடுக்கோடு எழுதியது:

டிரா ஆனால் விம்பிள்டன் தங்கட்டும். அதுவே மூன்று புள்ளிகளின் மதிப்பு.

எடின்பரோவாசி எழுதியது:

ஹாமில்டனுக்கும் ஹார்ட்ஸுக்கும் இப்படி ஒன்று வைத்திருந்தால் நான் நடந்தே போய்ப் பார்த்திருப்பேன், கேலரிக்குள் விடாவிட்டாலும்.

குறுக்கு விசாரணை எழுதியது:

ஜெர்சி புல்ஸ் கதையை நடுக்கோடு பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த 2020-21 சீசனும் அவர்கள் மட்டத்தில் பாதியில் நின்று செல்லாமல் போயிற்று. பிறகு 2021இல் கீழ்நிலை லீக்குகளை மாற்றியமைக்கக் கூடுதல் அணிகள் தேவைப்பட்டன. யாரை மேலே ஏற்றுவது என்று பார்க்க, நின்றுபோன இரண்டு சீசன்களின் ஆட்டங்களையும் எடுத்துச் சராசரி போட்டார்கள். செல்லாது என்று அறிவித்த அந்த 27 வெற்றிகளும் கணக்கில் வந்தன. ஜெர்சி ஏறியது.

கொடிக்கம்பம் எழுதியது:

அப்படியானால் சவுத் ஷீல்ட்ஸ்?

குறுக்கு விசாரணை எழுதியது:

அவர்கள் இருந்த படியில் மாற்றியமைப்பு இல்லை. 2023இல் ஆடி ஏறினார்கள்.